அக்கா வயர் இழுத்த ரயில்

செப்டம்பர் 13, சனி

காலையில் பனி. சன்னலைத் திறந்தால் எதிர் லயத்து வீட்டு வரிசையே தெரியவில்லை. பள்ளி விடுமுறை முதல் நாள்.

செய்ய வேண்டியவை: நூலகப் புத்தகத்துக்கு அட்டை போடுதல். கணக்குப் பயிற்சி. துணி மடித்தல். ஒன்றும் செய்யவில்லை. காரணம், ரயில்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சுற்றுப்பயணிகள் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும் கண்ணாடி மண்டபம் இருக்கிறதே, அதன் பின்னறையில் ஒரு பொம்மை ரயில் வந்து இறங்கியிருக்கிறது. ஈப்போவில் மூடிப்போன ஏதோ ஓட்டலில் இருந்ததாம். தோட்ட மேனேஜர் துரை மொத்தமாக வாங்கிவிட்டார். பெட்டி பெட்டியாகத் தண்டவாளம், இரண்டு இன்ஜின், குட்டி நிலையம், குட்டி ஆட்கள். பழைய பலகை மட்டும் ஊறி நாறிப்போனதால் தச்சர் புதிதாக ஒன்று அடித்துத் தந்திருக்கிறார். எங்கள் வீட்டு முன்னறையைவிடப் பெரியது. அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் ஓட வேண்டும்.

ஓட வைக்கப்போவது என் அக்கா!

யாழினி அக்கா ஈப்போவில் மின்சாரம் படித்து டிப்ளோமா வாங்கி வந்தாள். வேலை கிடைக்கவில்லை. திரிங்காப்பில் ஒரு பூப்பண்ணையில் பூக்கட்டு கட்டுகிறாள். இப்போது தோட்டத்துத் தேயிலை மில்லில் டெக்னீஷியன் இடம் ஒன்று காலி. ஃபோர்மன் மாணிக்கம் மாமாவிடம் நேராகப் போய்க் கேட்டாள். (சொந்த மாமா இல்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் மாமா.) அவர் அதிகம் பேசமாட்டார்.

"சர்ட்டிபிகேட்ட ஆபீஸ் கிராணிகிட்ட குடு. எனக்கு வேணாம். அந்த ரயில ஓட்டிக் காட்டு. சனிக்கெழம வந்து பாக்குறேன்."

ஓடாவிட்டால் ஜொகூர். சித்தி அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ். அம்மா இப்போதே அக்காவின் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்துவிட்டார். வெயில் இல்லை. இருந்தும் வைத்தார்.

என் பதவி: உதவியாளர். ரயிலோடு வந்த ஆங்கிலக் கையேட்டைப் படித்து அக்காவுக்கு வாசித்துக் காட்டுவது. நான் ரயிலில் ஏறியதே இல்லை. பார்த்தது ஒரே ஒருமுறை, தாப்பா ரோட்டில், பாலத்தின் மேலிருந்து. அதுவும் கடைசிப் பெட்டி.

செப்டம்பர் 14, ஞாயிறு

பனி, பிறகு தூறல், பிறகு மறுபடி பனி.

அம்மா பலகைக்குச் சட்டை போட்டார். அதாவது தூள் பை ஒட்டினார். அம்மாவுக்கு மில்லில் பேக்கிங் பகுதி வேலை. தேயிலைத் தூள் அடைக்கும் தடித்த பழுப்புப் பைகளில் அச்சு பிசகியவை, ஓரம் கிழிந்தவை எல்லாம் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஈரம் ஏறாது. அதனால் இந்த மலையில் எதை வைத்தாலும் அதன் அடியில் தூள் பை. எங்கள் வீட்டில் மட்டும்: கூரைக்குக் கீழே, துணி அலமாரிக்குள், சாமி படங்களுக்குப் பின்னால், என் பள்ளிப் புத்தகங்கள் மேல்.

"பனி ஏறுனா பலகை வீங்கிப் போவும்டி. பச்சப் புள்ளைய மாதிரி போத்தி வைக்கணும்."

மைதாக் கஞ்சி காய்ச்சி, பையைப் பிரித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினார். அதன்மேல் நான் பச்சைச் சாயம் பூசினேன்.

கேட்டேன்: "அக்கா ஜொகூருக்குப் போகணும்னுதானே சொல்றீங்க. அப்புறம் ஏன்மா ஒட்டுறீங்க?"

"போறது போறா. அதுக்காக ஒட்டுறத ஒழுங்கா ஒட்ட வேணாமா?"

செப்டம்பர் 15, திங்கள்

இன்று படித்ததை எழுதாமல் தூங்கக்கூடாது.

தண்டவாளம் ஒன்று இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயர் (இனிமேல் பா.). எங்கள் பலகையில் ஐந்து. பா.1 முதல் பா.5 வரை, நானே நம்பர் ஒட்டினேன்.

இரண்டு தண்டவாளங்களில் ஒன்றுக்குச் சிவப்பு வயர், மற்றதற்குக் கறுப்பு. மின்சாரம் சிவப்பில் வந்து, சக்கரம் வழியாக இன்ஜினுக்குள் ஏறி, மோட்டாரைச் சுற்றிவிட்டு, அந்தப் பக்கச் சக்கரம் வழியாகக் கறுப்பில் இறங்கிப் போகிறது. சிவப்பும் கறுப்பும் இன்ஜின் இல்லாமல் நேராகத் தொட்டுக்கொண்டால் ஷார்ட். எல்லாம் நின்றுவிடும். கரண்ட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்.

ஆனால் பாயிண்டில் ஒரு வழி இன்னொன்றை வெட்டிக்கொண்டு போகிறது. அந்த வெட்டில் சிவப்புத் தண்டவாளமும் கறுப்புத் தண்டவாளமும் சந்தித்தே ஆக வேண்டும்! அங்கே என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் உலோகத் துண்டு. கையேடு அதைத் தவளை என்கிறது (உண்மையாகவே). நான்கு பக்கமும் யாரையும் தொடாமல் தீவு மாதிரி இருக்கும். ரயில் நேர்வழியில் போகும்போது அது சிவப்பாக இருக்க வேண்டும். பக்கவழியில் போகும்போது அதே துண்டு கறுப்பாக மாறிவிட வேண்டும். அதற்கென்று சொந்த நிறம் கிடையாது. யார் வருகிறார்களோ அவர்களுக்கு ஏற்றது.

மூன்று தடவை வாசித்தேன். அக்கா பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"புரிஞ்சிச்சா குட்டி?"

"புரிஞ்சிச்சு. ஆனா நம்ப முடியல."

"எனக்கும் மொத தடவ அப்படித்தான் லா."

தவளையை மாற்றுவது ஒரு குட்டி மோட்டார். பலகைக்கு அடியில் இருக்கும். பொத்தானை அழுத்தினால் டக். தண்டவாளத்தின் நாக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், அதே டக்கில் தவளைக்கு வரும் மின்சாரமும் மாறும். தவளையின் வயர் பச்சை.

வயரை ஒட்ட அக்கா ஈயம் வைப்பதை முதல்முறை பக்கத்தில் இருந்து பார்த்தேன். உருகும்போது கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. சூட்டை எடுத்ததும், யாரோ மூச்சு விட்டதுபோல, சட்டென்று மங்குகிறது. அந்த ஒரு கணத்துக்காக இன்னும் பலகை நிறைய வைக்கச் சொல்லலாம்.

விரல் சுட்டது. லேசாகத்தான். அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலேசிய தினம். மில் விடுமுறை. மண்டப வாசலில் கொடி நனைந்து தொங்கியது.

ஓடியது!!

முதலில் ஓடவில்லை. இன்ஜின் அழகாகக் கிளம்பி, வளைவு திரும்பி, பா.2-இன் தவளையில் மூக்கு வைத்ததும் நின்றது. சிவப்பு விளக்கு. அக்கா சிரித்தாள். நான் அழத் தயாராக இருந்தேன்.

"பயப்படாத. தவளைக்குத் தப்பான ஆளக் காட்டிட்டேன்."

பா.2-க்கு மட்டும் மோட்டாரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறாள். அதனால் பக்கவழிக்குச் சிவப்பு போயிருக்கிறது. அடியில் இரண்டு வயர்களை இடம் மாற்றினாள். அவ்வளவுதான். மறுபடி கிளப்பினாள். இன்ஜின் தவளைமேல் ஏறியது, விளக்குகூடச் சிமிட்டவில்லை, பக்கவழியில் இறங்கிப் போயே போய்விட்டது.

நான் பலகையோடு கண்ணை வைத்துப் பார்த்தேன். சன்னல் திறந்திருந்ததால் பனி உள்ளே வந்து பலகைமேல் படர்ந்திருந்தது. இன்ஜினின் முன்விளக்கு அந்தப் பனிக்குள் ஒரு சின்ன மஞ்சள் வழி போட்டுக்கொண்டே வந்தது. ரயில் நெருங்க நெருங்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த மலைக்கு ரயில் வந்ததே இல்லை. இன்று வந்தது. அதற்கு அக்கா பாதை மாற்றிக் கொடுத்தாள்.

அம்மா வாசலில் நின்றபடியே பார்த்தார். "ம்" என்றார். ஆனால் ரயில் இரண்டாவது சுற்று வரும்வரை போகவில்லை.

செப்டம்பர் 17, புதன்

காலை. ஒன்றும் ஓடவில்லை.

பொத்தானைத் தொடுமுன்பே சிவப்பு விளக்கு. அக்கா ஐந்து தவளைகளின் பச்சை வயரையும் ஒன்றொன்றாகக் கழற்றினாள். பா.1 கழற்றியும் விளக்கு. பா.2, அப்படியே. எல்லாம் கழற்றியும் அப்படியே. நேற்று ஓடியதே!

மதியம் பனி விலகி வெளிச்சம் வந்தது. விளக்கு தானாக அணைந்தது. எல்லாம் மாட்டினாள், ரயில் ஓடியது. நாங்கள் எதுவுமே திருத்தவில்லை.

சாயங்காலம் பனி இறங்கியது. மறுபடி விளக்கு.

"பனிதான்" என்றார் கிராணி. "பனிதான் லா" என்றார் தேநீர்க் கடைப் பெண். அக்காவும் கடைசியில், "பனிதான் போல" என்றாள். காற்றில் வரும் ஈரம் தண்டவாளங்களுக்கு நடுவே உட்கார்ந்து மின்சாரத்தைக் கடத்துகிறதா? கையேட்டில் தேடினேன். பனி என்ற சொல்லே இல்லை. எழுதியவர் இங்கே வந்ததில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

மோசமான நாள். சுருக்கமாக.

அம்மா வேலை முடிந்து நேரே வந்தார், கையில் ஒரு கட்டுத் தூள் பை. "மேல மட்டும் ஒட்டுனா எப்படி? அடியில தொறந்து கெடக்கே, பனி ஏறாதா?" அக்காவும் சரி என்றாள். அம்மா பையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு வயருக்கும் பொத்தான் துளை மாதிரி கீறி, வயரின் கழுத்தோடு இறுக்கி, அடிப்பக்கம் முழுவதும் ஒட்டினார். எவ்வளவு பொறுமை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

கரண்ட் பெட்டியைப் போட்டோம். சிவப்பு விளக்கு. மின்விசிறி வைத்துக் காயவைத்தோம். சிவப்பு விளக்கு. வெளியே பனிகூட இல்லை. இப்போது வெளிச்சத்திலும் அணையவில்லை.

அம்மா: "போதும்டி. சித்தி டிக்கெட்டு எடுத்துட்டா. பொம்மையோட மல்லுக்கட்டுனா வேலை குடுத்துருவாங்களா?"

அக்கா: "பொம்மை இல்லம்மா. மில்லுல ஓடுறதும் இதே கரண்டுதான்."

"அப்ப ஏன் ஓட மாட்டேங்குது?"

அக்கா கரண்ட் பெட்டியை அணைத்தாள். தன் சாமான்களை எல்லாம் பையில் போட்டுக்கொண்டாள். கரண்டுக்கு வழி இருந்தால் பீப் அடிக்கும் மீட்டர், ஈயம், டேப்.

வீட்டுக்கு வரும் வழியில், "சரிம்மா. பெட்டிய எடுத்து வைங்க" என்றாள்.

அம்மா ஜெயித்துவிட்டார். ஆனால் சோறு போடும்போது முகம் அப்படி இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க, செல்வி. (செல்வி நான்தான், பிற்காலத்தில் இதைப் படிக்கப்போகும் நான்.)

காலையில் அம்மா வேலைக்குப் போய்விட்டார். அக்கா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். எதிலாவது கை வைக்க வேண்டும் போலிருந்தது. நூலகப் புத்தகத்துக்கு அட்டை போடலாம் என்று மிச்சமிருந்த தூள் பையைக் கிழித்தேன். கத்தரிக்கோல் இல்லாமல் கையால். கிழிந்த ஓரத்தில் இரண்டு பழுப்புத் தாளுக்கு நடுவே வெள்ளி மின்னியது.

பிறந்ததிலிருந்து தெரியும். தூளுக்கு ஈரம் ஏறாமல் இருக்க நடுவில் ஈயத்தாள் வைத்திருப்பார்கள். சின்ன வயதில் அதை உரித்துத்தான் பொம்மைக்கு ஜிமிக்கி செய்தேன். தெரிந்தது வேறு, இன்று தெரிந்தது வேறு.

அக்காவின் பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். இரண்டு முனையையும் கிழிந்த ஓரத்தில் வைத்தேன்.

பீப்.

"அக்கா! அக்கா! கரண்டு பைக்குள்ள போவுது!"

தலை முழுக்க சோப்பு நுரையோடு ஓடி வந்தாள். மீட்டரைப் பிடுங்கி ஒரு முனையைத் தாளின் இந்தக் கோடியிலும் மறு முனையை அந்தக் கோடியிலும் வைத்தாள். பீப். நுரை கண்ணில் வழிந்தது, துடைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பனி இல்லை! பனி குற்றமே செய்யவில்லை. தண்டவாளத்திலிருந்து இறங்கும் வயர்களின் நுனியை அக்கா நீளமாக உரித்திருந்தாள், ஈயம் வைக்க வசதியாக. துளை வழியே போகும்போது அந்த வெறும் நுனி தாளின் ஓரத்துக்கு மயிரிழை தூரத்தில். பனியில் தாள் உப்பினால் தொடும், காய்ந்தால் விலகும். ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் தொட்டால் போதும், பலகை முழுவதும் பரந்து கிடக்கும் வெள்ளித்தாள் வழியே இரண்டும் கைகோத்துக்கொள்ளும். நேற்று அம்மா அடியில் ஒட்டியதில் எல்லா வயரும் கழுத்தோடு மாட்டிக்கொண்டன. ஈரத்தைத் தடுக்க ஒட்ட ஒட்ட, ஷார்ட்டுக்குத்தான் வழி செய்திருக்கிறோம்.

நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று, எங்கள் எல்லாரையும்விடக் கவனமாக, நாங்கள் மறந்த ஒரே வழியைக் கண்டுபிடித்துப் போயிருக்கிறது.

அக்காவின் மோட்டார் சைக்கிளில் கம்போங் ராஜா டவுனுக்குப் போனோம். வயருக்குச் சட்டை வேண்டும். காதர் பாய் கடையில் பழைய பெட்டி ஒன்றில் உறிஞ்சிக் குடிக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ மிச்சம் இருந்தது.

"என்ன செல்வி, இவ்ளோ ஸ்ட்ரோ? ஊருக்கே தே ஐஸ் விருந்தா?"

"ரயிலுக்கு, பாய்."

"ரயிலு தே ஐஸ் குடிக்குதா? சரி லா, கொண்டு போ. சீனி கம்மியா குடு அதுக்கு."

அடித்தாளை உரித்தோம். மேலே ஒட்டியதை எடுக்க முடியாது, அதன்மேல்தான் தண்டவாளம். ஒவ்வொரு துளையிலும் தாளின் ஓரத்தைக் கத்தியால் அகலமாக்கி, வயரின் மேல் ஸ்ட்ரோவை ஏற்றி, தண்டவாளம் வரை தள்ளி, மறுபடி இணைத்தோம். நான் வெட்டுவது, அவள் ஏற்றுவது.

நடுவில் அம்மா வந்துவிட்டார். "அம்மாகிட்ட சொல்லாத" என்று அக்கா முணுமுணுத்தாள்.

"ஏன்டி பிச்சீங்க?"

"சும்மாம்மா. காத்தோட்டம் இருக்கட்டும்னு."

அம்மா தரையில் கிடந்த துண்டை எடுத்தார். ஓரத்தைப் பார்த்தார். கரண்ட் பெட்டியைப் பார்த்தார். இத்தனை வருடம் அந்தப் பைகளைக் கையால் தொட்டு வேலை செய்தவர்.

"இதுக்குள்ள ஈயத்தாளு இருக்குல்ல?"

அக்கா தலையைக் குனிந்தபடி அடுத்த ஸ்ட்ரோவை ஏற்றினாள்.

"நான்தானா?"

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அடிப்பாவி, இடுப்பு ஒடிய ஒட்டுனேனே! சொல்லக்கூடாதா?" என்று அக்காவின் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, ஒரு கைப்பிடி ஸ்ட்ரோவை எடுத்துக்கொண்டார். "எங்க ஏத்தணும், காட்டு."

விளக்கு எரியவில்லை. பனி வந்தும் எரியவில்லை.

செப்டம்பர் 20, சனி

கெட்டிப் பனி. நல்லது!

மண்டபம் நிறைய ஆட்கள். துரை இரண்டு வார்த்தை பேசினார். அக்கா பொத்தானைத் தொட்டாள். ஒரு சீனக் குழந்தை வாயைத் திறந்தது, ரயில் சுற்றி வரும்வரை மூடவில்லை. நானும் மூடவில்லை. பா.1 டக், பா.3 டக், பா.5 டக். ஒவ்வொரு டக்கிலும் ஒரு தவளை நிறம் மாறுகிறது, அது இந்த மண்டபத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். அம்மாவையும் சேர்த்துத்தான் மூன்று.

மாணிக்கம் மாமா ரயிலைப் பார்க்கவே இல்லை. ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பலகைக்கு அடியில் நுழைந்துவிட்டார். சப்பாத்துக் கால் மட்டும் வெளியே. வெகுநேரம்.

அடியிலிருந்து குரல்: "மூணு மாத்து." டக். "திருப்பு." டக். "நம்பர் எழுதுனது யாரு?"

"தங்கச்சி, மாமா."

"ம். இந்த ஸ்ட்ரோ எதுக்கு?"

அக்கா பலகைக்கு அடியில் குனிந்தாள். "பலகையில தூள் பை ஒட்டியிருக்கு மாமா. உள்ள ஈயத்தாளு. பனியில உப்பி வயரத் தொட்டு ஷார்ட்டு ஆயிருச்சு. பாக்காம தொள போட்டது என் தப்பு."

"ஒட்டுனது நான்ண்ணே" என்றார் அம்மா, பின்னாலிருந்து, சத்தமாக.

சப்பாத்துகள் அசையவில்லை. கோபமோ என்று நினைத்தேன். அப்புறம் மாமா மெதுவாக வெளியே வந்தார். சட்டையெல்லாம் தூசி. அக்காவைப் பார்க்கவில்லை, சன்னல் வழியே மில்லைப் பார்த்தார்.

"காயவைக்கிற ரூமு சுவிட்சுப் பெட்டி இருக்குல்ல. பனிக் காலையில மட்டும் கரண்டு கட்டாவும். வருஷக்கணக்கா பனிதான்னு விட்டுட்டோம்." நிறுத்தினார். "அதுக்குள்ளயும் எவனோ தூள் பைதான் ஒட்டியிருக்கான். ஈரம் ஏறக்கூடாதுன்னு."

ரயில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் பலகையில் நடந்த அதேதான்!

"திங்கக்கெழம வா. மெயின் சுவிட்ச நான் நிறுத்துறேன், நீ அத மொதல்ல பிரி. சப்பாத்து என்ன சைஸு?"

"அஞ்சு, மாமா."

"மில்லுல சின்னதே ஏழு."

"ரெண்டு காலுறை போட்டுக்கிறேன்."

அம்மாவின் ஃபோன் அடித்தது. சித்தி. அம்மா காதில் வைத்து, "அவ வரல. ... இல்லடி, சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. டிக்கெட்ட வேற யாருக்காச்சும் குடுத்துடு. அப்புறமா பேசுறேன், இங்க ரயிலு ஓடுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மழை, பிறகு வெயில், உண்மையான வெயில். பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில்.

கணக்குப் பயிற்சி இன்னும் செய்யவில்லை. நாளை பள்ளி!

மாமா சப்பாத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். முன்பக்கம் இரும்பு. கனம். அக்கா தடித்த காலுறை இரண்டு போட்டு, நாடாவை இறுக்கி, லயத்துச் சிமெண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து பழகுகிறாள். தட், தட், தட். பூனைகள் ஓடுகின்றன. நான் வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அடுப்படியிலிருந்து அம்மா: "யாருடி அது வாசல்ல? துரையா வர்றாரு?"

"இல்லம்மா. நான்தான்" என்றாள் அக்கா.